விழுந்தால் எங்கே நிற்கும்?

வலது காலை மட்டும் உள்ளே வைத்து, குதிகாலை ஒருமுறை அழுத்திப் பார்க்கிறார். இடது கால் இன்னும் வெளியேதான் நிற்கிறது. தலையைச் சற்றுச் சாய்த்து, மேலே கயிறு முனகுகிறதா என்று கேட்கிறார். பின்னால் மனைவி இரண்டு கைகளிலும் காய்கறிப் பைகளோடு நிற்கிறாள். அவளுக்கும் பின்னால் பக்கத்து வீட்டுக்காரர் பெருமூச்சு விடுகிறார். "ம்... வாங்க" என்று கணவர் உத்தரவு கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் அந்தக் குடியிருப்பின் லிஃப்டில் ஏற முடியும். இத்தனைக்கும் அது அவர் பராமரிக்கும் லிஃப்ட் இல்லை. வேறு கம்பெனிக்காரர்கள் மாட்டியது. "யாரு மாட்டினா என்ன? விழுந்தா நாமதானே விழுவோம்?" என்பார்.

ஐம்பதைத் தாண்டிய, குட்டையான, அகன்ற தோளுள்ள மனிதர். லிஃப்ட் மெக்கானிக். விரல் ரேகைகளுக்குள் கறுப்பு கிரீஸ் குடியிருக்கிறது. எந்தச் சோப்பாலும் அதைக் காலி செய்ய வைக்க முடியவில்லை. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன டார்ச். லிஃப்டை 'இவ' என்றுதான் சொல்வார். "இவ இன்னிக்கு மூணாவது மாடியில கொஞ்சம் முரண்டு பண்றா." வீட்டிலும் அதே கண்தான். கேஸை மூடியபின் குனிந்து முகர்வார். கதவைப் பூட்டியபின் பூட்டில் தொங்கிப் பார்ப்பார். எந்த வீட்டுக்குப் போனாலும் நாற்காலியை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுத்தான் உட்காருவார். கல்யாணம் பேச வந்த அன்று மாடிப்படியின் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தவர். "மாப்பிள்ளை உன் முகத்தைப் பார்த்ததைவிட அந்தக் கம்பியைப் பார்த்த நேரம்தான்டி ஜாஸ்தி" என்று மனைவியின் அக்கா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

வேலையிடத்தில் அவருக்குப் 'பிரேக் அண்ணன்' என்று பெயர். லிஃப்டின் பிரேக்கைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார் என்பதால் வந்த பெயர். மின்சாரம் இருக்கும்வரை அந்த பிரேக் விரிந்து வழிவிடும். மின்சாரம் போன நொடியில் சுருள்வில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். "கரண்ட் போனா பிடிக்கணும். அதான் பிரேக்கு. கரண்ட் இருந்தாத்தான் பிடிக்கும்னா அது பிரேக்கு இல்ல, வேண்டுதல்." புது லிஃப்டை ஒப்படைக்கும் முன் அவரே அதில் ஏறிக்கொள்வார். இரண்டு மாடிகளுக்கு நடுவே போகும்போது மேலே இருக்கும் ஆளிடம் மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்வார். இருட்டில், தொங்கும் பெட்டிக்குள், 'டக்' என்று பிரேக் பிடிக்கும் சத்தம் கேட்டால்தான் கையெழுத்து. "அந்த டக்கு இருக்கே, அதுதான்யா எனக்குத் தாலாட்டு."

அவர் கருவிப் பையில் ஒரு சின்னப் பூட்டும் ஒரு சிவப்பு அட்டையும் எப்போதும் இருக்கும். அட்டையில் 'ஆள் உள்ளே. தொடாதே' என்று எழுதியிருக்கும். யாராவது லிஃப்டின் குழிக்குள் இறங்கினால், மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சைப் பூட்டி, அட்டையைத் தொங்கவிட வேண்டும். சாவி மேலே நிற்பவனிடம் இருக்கக்கூடாது. உள்ளே இறங்குகிறவன் பையில்தான் இருக்க வேண்டும். அவன் சாவியைப் பைக்குள் போடுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மேலே நிற்பவன் நகரலாம். ஒருமுறை ஒரு கட்டடத்தின் மேனேஜர் மேலே நின்று, "சாவி எங்கேய்யா? எவ்வளவு நேரம்?" என்று கத்தியிருக்கிறார். குழிக்குள்ளிருந்து பதில் வந்திருக்கிறது: "எங்கிட்ட இருக்கு சார். நான் வந்தா அதுவும் வரும். நான் வரலைன்னா உங்களுக்கு அது எதுக்கு?"

இப்படிப்பட்டவரிடம் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் பார்த்து வாங்கச் சொன்னது மனைவி செய்த பிழை.

அவளுக்கு அது விளையாட்டுச் சாமான் இல்லை. கல்யாணத்துக்கு முன்னிருந்தே ஓர் அச்சகத்தில் தட்டச்சு செய்தவள். அச்சகத்தை மூடியபின் வீட்டோடு இருந்தாள். விரல்கள் மட்டும் ஓயவில்லை. தொலைக்காட்சியில் செய்தி ஓடினால் தொடைமேல் விரல்கள் தானாக ஓடும். இப்போது ஒரு வேலை வந்திருந்தது: மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்த குறிப்புகளை வீட்டிலிருந்தே கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை. திங்கட்கிழமை காலையில் சோதனை. "ஒரே ஒரு வாய்ப்புதான் மேடம். அன்னிக்கு லைன்ல வரலைன்னா அடுத்தவங்களைக் கூப்பிட்டுருவோம்" என்று அந்த நிறுவனத்துப் பெண் தொலைபேசியில் சொல்லிவிட்டாள்.

வீட்டில் இருந்தது மகள் படிக்கும்போது பயன்படுத்திய பழைய கம்ப்யூட்டர். அதன் இயங்குதளத்துக்கு இனிமேல் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. புதிய பிரவுசரும் அதில் ஏறவில்லை. நோயாளிகளின் விவரங்கள் என்பதால் அந்த மாதிரிக் கம்ப்யூட்டரை நிறுவனம் ஏற்காது. மற்றபடி, பிரவுசர் புதிதாக இருந்தால் போதும், எந்த இயங்குதளமானாலும் சரி என்றார்கள். அதாவது, கடைக்குப் போய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வரவேண்டியதுதான். அவளுக்கு ஒரு லேப்டாப் போதும். ஜன்னலோரத்தில் வெளிச்சம் இருக்கும்போது அங்கே, இல்லாதபோது சாப்பாட்டு மேஜையில்.

முதல் கடையில் விற்பனைப் பெண் ஆர்வமாகத்தான் ஆரம்பித்தாள். விண்டோஸ் வேண்டுமா, மேக் வேண்டுமா, லினக்ஸ் பழக்கமா, மடியில் வைப்பதா, மேஜையில் வைப்பதா, தொட்டு எழுதும் டேப்லெட்டா? இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஒரு லேப்டாப்பின் மூடியைத் திறந்து மூடித் திறந்து, கீலின் சத்தத்தைக் காதருகே வைத்துக் கேட்டார். பிறகு கேட்டார்:

"ஏம்மா, இது விழுந்தா எங்க நிக்கும்?"

"கீழே போட்டா வாரண்டி கிடையாது சார்."

"அது இல்லம்மா. ஓடிக்கிட்டு இருக்கும்போதே உள்ளுக்குள்ள ஏதோ அத்துக்கிச்சுன்னு வை. எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்?"

பெண் மனைவியைப் பார்த்தாள். மனைவி விலை அட்டைகளைப் படிப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க இதே கதை. வேலை முடிந்ததும் ஒரு கடை. டேப்லெட்டைப் பார்த்து, "வெறும் கண்ணாடிம்மா. எதைத் திறந்து எதைச் சரி பண்றது?" என்றார். மெலிதான லேப்டாப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பேட்டரியை ஒட்டிட்டாங்க. திறக்க முடியாத பொருளுக்கு நான் எப்படிப் பொறுப்பு ஏத்துக்கிறது?" என்றார். தானே திருத்திக்கொள்ளும், தானே புதுப்பித்துக்கொள்ளும் என்று விற்பனையாளர்கள் எதைப் பற்றிப் புகழ்ந்தார்களோ அதையெல்லாம் சந்தேகக் கண்ணோடு பார்த்தார். "தானா செய்யுதுன்னா, நாம எங்க நிக்கிறது?"

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் தொலைபேசியில் தலையில் அடித்துக்கொண்டாள். "அம்மா, அப்பாவை நம்பினா அடுத்த வருஷமும் கடை கடையா ஏறிக்கிட்டுதான் இருப்பீங்க. நீயே போய் ஒண்ணு வாங்கிடு."

"அவர் பார்த்துக்கிட்டு இருக்கார்டி."

"பார்த்துக்கிட்டேதான் இருப்பார்."

மகளிடம் விட்டுக்கொடுக்காமல் பேசினாளே தவிர, நாள் நெருங்க நெருங்க அவள் காலண்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை சாயங்காலமும் அவர் வெறுங்கையோடு வந்தார். உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். "இன்னிக்கு ஒண்ணு பார்த்தேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா..." என்று தொடங்கினார்.

"நிறுத்துங்க."

அவர் ஒரு செருப்போடு நிமிர்ந்தார்.

"நான் வேலை செய்யறது உங்களுக்குப் பிடிக்கலையா? பிடிக்கலைன்னா நேராச் சொல்லிடுங்க. கம்ப்யூட்டர் மேல பழியைப் போடாதீங்க."

"ஏய், அப்படி இல்ல."

"பின்ன எப்படி?"

கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்தார். பிறகு செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் ஏறதுன்னா எதுல வேணா ஏறிருவேன். இதுல ஏறப்போறது நீ. அதான் எனக்குக் கை வரமாட்டேங்குது."

அவளுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. "திங்கட்கிழமை வந்தா நான் ஏற வண்டியே இருக்காது" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் அவர் விடுப்புப் போட்டார். போனது அதே முதல் கடைக்கு. அந்தப் பெண்ணும் இதற்குள் அவருடைய பாஷையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "சார், உங்க கேள்விக்கு ஆள் கிடைச்சாச்சு" என்று ஒரு சின்ன மேஜைக் கம்ப்யூட்டரைக் காட்டினாள். உணவு டப்பா அளவுதான் இருக்கும். நான்கு திருகுகளைக் கழற்றினால் உள்ளே எல்லாம் தெரியும். அதில் லினக்ஸ் இயங்குதள வகையில் ஒன்றை ஏற்றியிருந்தார்கள். ஒவ்வொரு முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் முன்பும், அதுவரை நன்றாக ஓடிய பழைய நிலையை அது அப்படியே ஓர் ஓரமாக வைத்துக்கொள்ளும். புதியது சரிந்தால் பழையதில் போய் நிற்கலாம்.

"அதாவது, கீழ விழாம முந்தின மாடியில நிக்கும்?"

"அப்படியே வச்சுக்கோங்க சார்."

அவர் முகம் மலர்ந்ததை அந்தப் பெண் பிறகு கடையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாளாம். மின்சாரம் போனால் தாங்கும் யூ.பி.எஸ். மட்டும் கடையில் இல்லை. அடுத்த வாரம்தான் வரும் என்றார்கள்.

சனிக்கிழமை முழுவதும் வீட்டில் திருவிழாபோலத்தான் இருந்தது. மேஜையை ஜன்னலோரம் இழுத்துப்போட்டார், ஆட்டிப் பார்த்தார், ஒரு காலுக்கு அட்டை மடித்து வைத்தார். அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பழகினாள். அச்சகம் மூடிய பிறகு முதல்முறையாக அவள் விரல்களுக்குக் கீழே எழுத்துகள் ஓடின. லேப்டாப் கிடைக்கவில்லையே என்ற குறை மத்தியானத்துக்குள் மறந்துபோனது. அவர் வாசல்படியில் நின்று அந்தச் சத்தத்தைத் தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "இவ நல்லாத்தான் ஓடறா" என்றார். கம்ப்யூட்டரைச் சொன்னாரா, மனைவியைச் சொன்னாரா தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். உள்ளே வந்தபோது திரையில் ஒரு நீலப்பட்டை மெல்ல நீண்டுகொண்டிருந்தது. 'புதுப்பிக்கப்படுகிறது. அணைக்க வேண்டாம்' என்று எழுதியிருந்தது. அவர் சுவரோரம் நின்றிருந்தார். ஒரு கை சுவிட்சின்மேல். கண்கள் திரைமேல். பட்டை பாதியைத் தாண்டுவதற்காகக் காத்திருக்கிறார் என்பது அவளுக்குப் புரிந்த அதே நொடியில், அவர் அணைத்துவிட்டார்.

"ஐயோ! என்ன பண்றீங்க?"

"டெஸ்ட்டு" என்றார், நிதானமாக. "ஒப்படைக்கிறதுக்கு முன்னாடி நிறுத்திப் பார்க்கணும் இல்ல? இப்ப பாரு, முந்தின மாடியில போய் நிக்கும்."

சுவிட்சைப் போட்டார். பெட்டி உறுமியது. திரையில் வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஓடின. நின்றன. பிறகு எல்லாம் மறைந்து கறுப்பானது. இடது மூலையில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு மட்டும் இமைத்துக்கொண்டிருந்தது. காத்திருந்தார்கள். கோடு இமைத்தது. அவர் மறுபடியும் அணைத்துப் போட்டார். மறுபடியும் அதே கோடு.

அவருடைய தலை ஒரு பக்கம் சாய்ந்தது. 'டக்' என்ற சத்தத்துக்காகக் காது கொடுத்தார். பெட்டியின் விசிறி மட்டும் சுற்றியது.

அவள் கத்தவில்லை. கையில் ஈரத்துணியோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். துணியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது.

"எப்பவும் இப்படித்தான் பண்ணுவேன்" என்றார், குரல் இறங்கி. "நான் உள்ள இருக்கும்போதே நிறுத்தச் சொல்லுவேன். விழுந்தா நான்தானே..."

"இதுக்குள்ள இருக்கிறது நீங்க இல்லைங்க" என்றாள் அவள். "நான்."

அவர் கை சுவிட்சிலிருந்து இறங்கியது. பல மாடிகளுக்கு நடுவே இருட்டில் தொங்கியவரின் முகத்தில் அவள் அதுவரை பயத்தைப் பார்த்ததில்லை. அன்று பார்த்தாள்.

கடைப் பெண்ணின் எண் ரசீதில் இருந்தது. மூன்றாம் முறை அவர் அழைத்தபோதுதான் எடுத்தாள். பின்னணியில் குழந்தைகளின் கூச்சல்.

"சார், இன்னிக்குக் கடை லீவு."

"விழுந்துடுச்சும்மா."

"மேஜையிலேர்ந்தா?"

"இல்லம்மா. அப்டேட்டு நடக்கும்போது சுவிட்சை அணைச்சுட்டேன்."

"ஏன் சார்?"

"நிக்குதான்னு பார்க்க."

அவள் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "நிக்கும் சார். ஆனா எந்த மாடின்னு நீங்கதான் சொல்லணும். அதுக்கு ஒரு பட்டியல் வரும். ஆரம்பிக்கும்போதே, ஓரத்துல இருக்கிற எஸ்கேப் கீயைத் தட்டுங்க. ஒரு செகண்டுதான் டைம் இருக்கும். விட்டுட்டா பழையபடி கோடுதான்."

தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தவர், சுவிட்சைப் போட்டுவிட்டு ஓடி வந்து அழுத்தினார். தாமதமாகிவிட்டது. கோடு. மறுபடியும். இந்த முறை அவசரத்தில் தடித்த விரல் பக்கத்துக் கீயையும் சேர்த்து அழுத்தியது. கோடு. எந்த நட்டையும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றும் கை, ஒரு சிறு பொத்தானைத் தவறவிட்டுக்கொண்டிருந்தது.

"நகருங்க" என்றாள் அவள்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சுண்டுவிரல் நுனியை அந்தக் கீயின்மேல் வைத்தாள். "போடுங்க."

அவர் சுவிட்சைப் போட்டார். பெட்டி உறுமத் தொடங்கும்போதே அவள் விரல் இறங்கிவிட்டது. திரையில் இரண்டு வரிகள் வந்து நின்றன. மேலே இன்றைய தேதி. கீழே நேற்றைய தேதி. "ரெண்டாவதைத் தேர்ந்தெடுங்க மேடம்" என்றது தொலைபேசி. அவள் அம்புக்குறியை ஒருமுறை தட்டி, எண்டரை அழுத்தினாள். திரை இருண்டது. இருட்டு நீண்டுகொண்டே போனது. தொலைபேசியில், "வந்துச்சா? வந்துச்சா மேடம்?" என்று குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

பிறகு, சனிக்கிழமை இருந்த அதே மலைப்படம் திரையில் எழுந்தது. அவள் பழகிப்பார்த்த பக்கங்கள்கூட அப்படியே இருந்தன.

"பார்த்தியா, பிடிச்சு நிறுத்..." என்று தொடங்கியவர் அவள் முகத்தைப் பார்த்ததும் மிச்சத்தை விழுங்கிவிட்டார். தரையில் சொட்டியிருந்த தண்ணீரைத் துடைக்கத் துணி தேடிப் போனார்.

பொழுது சாயும் நேரத்தில் அவள் மேஜையருகே போனபோது, "தானா அப்டேட்டு ஆகாம நிறுத்தி வச்சிருக்கேன்" என்றார். "தொட்டீங்களா?" என்றாள். "கடைப் பொண்ணு சொல்லச் சொல்லத்தான்" என்றார், பள்ளிக்கூடப் பையன்போல.

திங்கட்கிழமை காலை அவள் தலை வாரி, வெளியே போவதைப்போலவே உடுத்திக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஹெட்ஃபோனை மாட்டினாள். நிறுவனத்துப் பெண் திரையில் வந்து, "ரெடியா மேடம்? இன்னும் கொஞ்சத்துல ஆரம்பிச்சுடுவோம்" என்றாள். அவள் விரல்கள் கீபோர்டின்மேல் தொட்டும் தொடாமலும் நின்றன.

பின்னால் கருவிப் பையின் ஜிப் திறக்கும் சத்தத்தை அவள் கேட்கவில்லை. சுவரோரம் அவர் குந்தி உட்கார்ந்ததைத்தான் ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் கை சுவிட்ச் பக்கம் போனது. "ஏங்க..." என்று திரும்பினாள்.

அவர் சுவிட்சின்மேல் யாரும் அணைக்க முடியாதபடி ஒரு பிளாஸ்டிக் மூடியைக் கவ்வவைத்துக்கொண்டிருந்தார். வேலையிடத்தில் பயன்படுத்துவது. அதன் துளையில் அந்தச் சின்னப் பூட்டைக் கோத்து அழுத்தினார். சிவப்பு அட்டையை அதில் தொங்கவிட்டு, நேராக நிற்கிறதா என்று பார்த்தார். பிறகு, வழக்கம்போல, பூட்டை இழுத்துப் பார்த்தார்.

எழுந்து வந்து சாவியை அவள் கீபோர்டின் பக்கத்தில் வைத்தார். வைத்துவிட்டுப் போகவில்லை. வேலைக்கு நேரமாகியும், பையைத் தோளில் மாட்டாமல், கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு அங்கேயே நின்றார்.

அவள் சாவியை எடுத்துத் தன் குர்தாவின் பைக்குள் போட்டாள்.

அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவர் நகர்ந்தார்.